பத்தாம் நம்பரைப் பார்க்கப் போன சனிக்கிழமை

எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் வவுனியா பஸ் ஏறினேன். கிளிநொச்சிக்கு நாற்பத்திரண்டு மைல், டிக்கெட் ஒன்பது ரூபா ஐம்பது சதம். மிச்சக் காசைத் தரும்போது கண்டக்டர், "ஐயா, இந்த நாளையிலை ஒருத்தரும் சும்மா கிளிநொச்சிப் பக்கம் போறேல்லை. கலியாணமோ, செத்த வீடோ?" என்று கேட்டான். றகர் விளையாட்டு விஷயமாகப் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் எனக்கு மண்டை பிழை என்று நினைத்திருப்பான். "காணி விஷயம்" என்றேன்.

ஆனால் உள்ளது அதுதான். கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் றகர் பற்றி எழுதிவந்தேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர் நின்று ஒரு நீட்டுப் பந்துக்காக ஒருவன்மேல் ஒருவன் விழுகிற விளையாட்டு. அதைத் தமிழில் எழுதினால் ஆர் வாசிப்பார்கள்? பத்திரிகை ஆசிரியரே வாசிக்கவில்லை. எனக்கு வாசகர்கள் மொத்தம் ஆறேழு பேர் இருந்தால் பெரிய காரியம். அதில் நாலு பேர் வன்னியில், ஸ்கந்தபுரத்தில் இருந்தார்கள். தேசிய அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்கிற காலம் வந்தால் போதும், அங்கிருந்து ஏச்சுக் கடிதம் வந்துவிடும்.

எழுதுகிறவர் மருதமுத்து. மலைநாட்டில் தோட்டத் துரைமாரின் கிளப் ஒன்றில் பதினாறு வருஷம் புல்லு வெட்டி, மைதானத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டவர். எழுபத்தேழுக் கலவரத்தில் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபிறகு பெண்சாதியையும் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். காடு வெட்டினார், கூலிக்கு நாற்று நட்டார். வரும்போது கொண்டுவந்த ஒரே சொத்து இந்த றகர்ப் பைத்தியம்தான். அதை அயலில் மூன்று பேருக்கும் தொற்ற வைத்துவிட்டார்.

கலவரம் எண்பத்துமூன்றில் என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டது. பத்தி நின்றது, கடிதமும் நின்றது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நான் பஸ் ஏறுவதற்கு முந்தின கிழமை ஒரு கடிதம் வந்தது. நாலைந்து வரிதான்.

"சார், என் மகன் ராஜுவ மாசி கடைசியில வவுனியாவுல இருந்து வர்ற வழியில ஆமிக்காரங்க பஸ்ஸ விட்டு எறக்கிட்டாங்க. முகாமுல வச்சிருக்காங்க. முகாமுக்குப் பெரியவரு யாருன்னு நெனக்கிறீங்க? நம்ம பத்தாம் நம்பரு. வாசல்ல நிக்கறப்ப ஜீப்புல இருந்து எறங்குனாரு, நடையப் பாத்ததுமே தெரிஞ்சிக்கிட்டேன். நீங்க அவருகிட்ட பேசியிருக்கீங்க. ஒரு வாட்டி வாங்க சார்."

கடிதத்தை மேசை லாச்சிக்குள் நாலு நாள் வைத்திருந்தேன். பயம், வேறொன்றுமில்லை. ஐந்தாம் நாள் என் மனைவி அதை எடுத்து வாசித்துவிட்டு, "உங்கடை விசர் எழுத்தை வாசிச்ச நாலு பேரிலை ஒராள் பிள்ளையைக் கேக்கிறார். போகாமல் இருந்து உங்களுக்குச் சோறு இறங்குமோ?" என்று கேட்டா. இறங்கவில்லைத்தான்.

பத்தாம் நம்பர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நம்பர்ச் சட்டைக்காரன் ஆட்கள் குவிந்து கிடக்கிற இடத்திலிருந்து பந்தை எடுத்துப் பின்னுக்கு எறிவான். அதைப் பிடித்து, ஓடுவதா உதைப்பதா என்று முடிவெடுக்கிறவன் பத்தாம் நம்பர். எங்கள் ஆள் எழுபத்தேழில், மருதமுத்து கோடு போட்ட அதே மைதானத்தில், தேசிய அணிக்கான தெரிவு ஆட்டத்தில், கம்பத்துக்குக் கீழே கைக்குள் வந்த பந்தை நழுவவிட்டான். ஆட்டம் தோற்றது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் நன்றாக ஆடியும் அவனை எடுக்கவில்லை. "முன்னுக்கு வருகிற ஆளைக் கண்டு பயப்படுகிறவனை எடுக்கக் கூடாது" என்று நான் எழுதினேன். "ஒரு பந்து சார், ஒரே ஒரு பந்து. பந்த விடாதவன் யாரு?" என்று மருதமுத்து எழுதினார். மூன்று வருஷம் இதே சண்டை. பிழை அவனுடையது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. மன்னிக்கலாமா கூடாதா என்பதுதான் கதை.

எட்டு மணிக்கு ஆனையிறவு ஆமிச் சோதனைச்சாவடி. எல்லாரையும் இறக்கி, பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நடக்கச் சொன்னார்கள். நடந்தோம். கிளிநொச்சியில் எழுபத்தைந்து சதத்துக்கு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு ஸ்கந்தபுரம் பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். எட்டு மைல், இரண்டு ரூபா. இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த வயல், காய்ந்த அடிக்கட்டை, நடுவில் செம்மண் தெரு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் வெள்ளைச் சேட்டு காவியாகிவிட்டது.

மருதமுத்து சைக்கிளோடு நின்றார். ஆறு வருஷம் கடிதத்தில் என்னோடு மல்லுக்கட்டிய மனிதன் ஐந்தடிகூட உயரமில்லை. "சார் கடிதத்துல பெரிய ஆளு மாதிரி இருந்தீங்க" என்று அவரும் சொன்னார். சிரித்தோம். சிரித்த முகத்தை அவர் உடனே துடைத்துக்கொண்டார்.

மண் சுவர், கிடுகுக் கூரை, ஒரு அறை. அவர் மனைவி லெட்சுமி ரொட்டியும் சம்பலும் வைத்தா. "இந்தப் பந்துப் பேச்சுக்கே ரேடியோ பேட்டரி, பேப்பருன்னு எவ்வளவு போச்சுங்க. ஒரு நாளாவது அது என்ன எளவுன்னு நான் கேட்டதில்ல. இப்ப அதாலயாவது எம்புள்ள வந்தா சரி" என்றா.

நாலு மணிக்குத் தேத்தண்ணிக் கடை வாங்கில் கடிதங்களில் நான் கேள்விப்பட்டிருந்த, என் நாலு வாசகரின் தெரிவுக் குழுவை நேரில் கண்டேன். பதினைந்து சோடா மூடிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அவர்களிடம் ஒரு சட்டம் உண்டு: ஒருவனை நீக்கு என்று சொல்கிறவன் அவன் இடத்துக்கு யார் என்றும் சொல்லவேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும். கொழும்பில் உண்மையான தெரிவுக் குழுவுக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

அங்கே பெரிய வாய் சிவசம்பு. தீவுப்பகுதியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்து வந்தவர். வாழ்நாளில் ஒரு றகர் ஆட்டம் கண்ணால் கண்டதில்லை. "ஐயா, உங்கடை பத்தியிலை பின்வரிசைக்காரனை வீணாப் புகழ்ந்து போட்டியள். அவன் ஓடுறது வயித்தாலை அடிக்கிறவன் ஓடுற மாதிரியாம், ரேடியோக்காரனே சொன்னவன்" என்று தொடங்கினார். நான் விடுவேனா? அரை மணித்தியாலம் கத்தினோம். மருதமுத்து மட்டும் பத்தாவது மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அதைக் கண்டதும் சிவசம்பு குரலைத் தாழ்த்தினார். "முகாமுக்குப் போறது சரி. பிள்ளைக்காகப் போகத்தான் வேணும். ஆனால் வாசலிலை அழுதுகொண்டு நிக்கிற மாதிரி நில்லுங்கோ. உறவு கொண்டாடுற மாதிரி ஆரும் கண்டால் பெடியள் விடமாட்டாங்கள்." பெடியள் என்றால் காட்டுக்குள் துவக்கோடு திரிகிற எங்கள் பிள்ளைகள். முகாமுக்குத் தகவல் சொல்கிறான் என்று ஆரையும் சந்தேகித்தால் விசாரணை அதிக நேரம் எடுப்பதில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் கிளிநொச்சி, அங்கிருந்து வவுனியா பஸ். முகாம் இருந்த இடத்தை எழுதமாட்டேன். கனகராயன்குளத்துக்கு இந்தப் பக்கம், பெரிய தெருவோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். வாசலில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் வெயிலில் நின்றார்கள். என் பழைய பத்திரிகை அட்டை காலாவதியானது. அதைக் காவல்காரனிடம் கொடுத்து, றகர் எழுதுகிறவன் வந்திருக்கிறேன் என்று பெரியவரிடம் சொல்லச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் நின்றோம். பிறகு எங்களை மட்டும் கூப்பிட்டார்கள். அந்தத் தாய்மாரைத் திரும்பிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்தாம் நம்பர் கொஞ்சம் தடித்திருந்தான். என்னோடு இங்கிலீஷிலும் மருதமுத்தரோடு சிங்களத்திலும் கதைத்தான். என்னை நினைவில்லை. மருதமுத்தரை உற்றுப் பார்த்துவிட்டு எழும்பியே விட்டான். "சுண்ணாம்புக்காரன்! உன் கோடு எப்போதும் நூல் பிடித்த மாதிரி இருக்குமே!" தேத்தண்ணி வந்தது, மாரி பிஸ்கட் வந்தது.

மருதமுத்து சேட்டுக்குள் இருந்து ஒரு கொப்பியை எடுத்தார். என் பத்தியில் வெளிவந்த அவருடைய கடிதங்களை வெட்டி ஒட்டியிருந்தார். "வாசிச்சுக் காட்டுங்க சார்." நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அந்த மனிதனின் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாக மாறியது. "இதையெல்லாம் தமிழில் எனக்காக எழுதினார்களா? எதிர்த்து எழுதியவன் யார்?" என்று கேட்டான். அடுத்த பக்கத்தில் என் பத்தி, என் பெயரோடு ஒட்டியிருந்தது. பக்கத்தைப் புரட்டிவிட்டு, "யாரோ ஒரு மடையன்" என்றேன். தமிழ் தெரியாதவனாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

அவன் கதிரையை மருதமுத்தருக்குக் கிட்ட இழுத்தான். "நீ கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றாய். எட்டு வருஷமாக ஒருவரிடமும் கேட்கவில்லை, உன்னிடம் கேட்கிறேன். அந்தப் பந்து. பிழை என்னுடையதா, எறிந்தவனுடையதா?"

மருதமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பந்து நெஞ்சுக்கு நேராக, பூப்போல வந்தது என்று அவரே எனக்கு மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிழையை ஒத்துக்கொண்டு அவனுக்காக மன்னிப்புக் கேட்பதுதான் அவருடைய கட்சி, அதில் ஒருநாளும் வழுவியதில்லை. ஆளின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

"எறிஞ்சவருதாங்க மாத்தயா. பந்து முழங்காலுக்குக் கீழ வந்துச்சு. யாராலயும் பிடிச்சிருக்க முடியாது" என்றார்.

"நான் அப்போதே சொன்னேன்!" அவன் மேசையில் அடித்தான். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு மனிதனின் முகத்தில் நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். உடனே ஆளை அனுப்பி ராஜுவைக் கூட்டிவரச் சொன்னான்.

பத்தொன்பது வயது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வேறு ஆருடையதோ ஒரு பெரிய சேட்டு. தகப்பனைக் கண்டதும் அழவில்லை, என்னைப் பார்த்து ஆரென்று யோசித்தான். "சாப்பிட்டியாடா?" "சாப்பிட்டேன்பா." "அம்மா கேட்டுச்சுடா." "சரிப்பா." மூன்று நிமிஷம் இருக்கும். கொண்டுபோய்விட்டார்கள்.

"விசாரணை இன்னும் முடியவில்லை" என்றான் பத்தாம் நம்பர். "அதுவரை இங்கேதான் இருப்பான், வேறிடத்துக்கு அனுப்பமாட்டேன். நீ அடுத்த சனியும் வா. மற்ற ஆட்டங்களைப் பற்றிக் கதைப்போம். இந்தக் காட்டுக்குள் றகர் தெரிந்த ஒரு மனிதனும் இல்லை." மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னான். கதை நின்றால் பிள்ளை எங்கே போவான் என்று ஒருவரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பிறகுதான் அந்தப் பிழை நடந்தது, அதைச் செய்தவன் நான். வாசலுக்கு வந்தபோது, "இந்த வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கவேண்டாம், ஜீப்பில் கொண்டுபோய் விடுவார்கள்" என்றான். மருதமுத்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். தலைக்குள் எல்லாம் விளங்கியது, ஆனால் மரியாதை என்கிற சனியன் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. நல்ல இங்கிலீஷில் நன்றி சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். நான் ஏறினபிறகு அவர் என்ன செய்வார்?

கனகராயன்குளம் பஸ் தரிப்பில், சனிக்கிழமைச் சனத்துக்கு நடுவில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஜீப்பில் இருந்தவன் கைகூடக் காட்டினான். சனம் ஒன்றும் சொல்லாமல் எங்களுக்கு இடம் விட்டு விலகியது. சைக்கிளில் சாய்ந்து நின்ற இரண்டு இளைஞர்களில் ஒருவன் மருதமுத்தரைக் காலில் இருந்து தலை வரைக்கும் பார்த்தான், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். கிளிநொச்சிக்கு இருபத்தெட்டு மைல். பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லிட்டேன் சார்." "அதுதான் சரி" என்றேன். "பந்து நெஞ்சுக்கு நேரா வந்துச்சு சார்."

ஐந்து மணிக்கு ஸ்கந்தபுரம். தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்த இரண்டு பேர் எங்களைக் கண்டதும் எழும்பி உள்ளே போனார்கள். சிவசம்பு மருதமுத்தரின் வீட்டுப் பின்வேலிக்கு வந்தார், படலையைத் திறக்கவில்லை.

"மருதமுத்து, ஜீப்பிலை வந்து இறங்கினீராம். நீர் வந்து சேர முந்தியே கதை வந்திட்டுது."

"மகன் உசுரோட இருக்கான்ணே. பாத்தேன்."

"கடவுளே எண்டு அவன் இருக்கட்டும். நான் சொல்லுறதைக் கேளும். அடுத்த சனி நீர் அங்கை போனால், ஞாயிற்றுக்கிழமை உம்மைச் சுட்டு லைட் போஸ்டிலை கட்டியிருக்கத்தான் நாங்கள் பாக்கவேணும். எனக்கு இதுக்கு மேலை கதைக்கேலாது. நான் வந்ததெண்டும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்." அந்தப் பெரிய வாய்க்காரன் வேலி ஓரமாகக் குனிந்துகொண்டு போனதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஆர்மேல் என்று தெரியவில்லை.

ஞாயிறு, காலை ஆறு மணி. என் பஸ் ஏழேகாலுக்கு. மருதமுத்து முற்றத்தில் குந்தியிருந்தார், முகம் ஒரே நாளில் வற்றிப்போயிருந்தது. "போகலைன்னா அவன அனுப்பிடுவாங்க சார். போனா என்னைய முடிச்சிருவாங்க. முடிச்சாலும் பரவால்ல, அதுக்குப் பொறகு அவனுக்காக யாரு போயிப் பேசுவா?" மாற்று வழி சொல்லத் தெரியாதவனுக்குத் தேத்தண்ணிக் கடைச் சட்டம்தான். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

குசினிக்குள் இருந்து லெட்சுமி வந்து எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தா.

"நான் போறேங்க. பொம்பளைங்க தெனமும் அந்த வாசல்ல நிக்கறாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. சுண்ணாம்புக்காரரு பொண்டாட்டி, அவருக்கு காய்ச்சல்னு சொன்னா உள்ள விடுவாரு. தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல ஆயாவா இருந்தவ நான், சிங்களம் நல்லாவே வரும். அந்தப் பந்து வெளையாட்டுதான் தெரியாது. சொல்லிக் குடுங்க சார்."

மருதமுத்து வேண்டாம் என்றார். லெட்சுமி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூணு பேருல யாரு உசுரு வேணும்னு ஒக்காந்து யோசிச்சிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல. சாரோட பஸ்ஸு வந்துரும். சொல்லுங்க சார், பத்தாம் நம்பருக்கு என்ன வேலை?"

சொன்னேன். ஒன்பதாம் நம்பரின் வேலையைச் சொன்னேன். லெட்சுமி ஒன்று முதல் பதினைந்துவரை விரல் விட்டு எண்ணினா, பிழைத்த இடத்தில் தானே தலையில் குட்டிக்கொண்டு திரும்பத் தொடங்கினா. பந்தை முன்னுக்கு எறியக்கூடாது என்றதும், "இது என்ன கூத்து?" என்று ஒரு தரம் கோபித்தா. பிறகு, "சரி, கூடாதுன்னா கூடாது" என்று மனதில் போட்டுக்கொண்டா. மருதமுத்து தான் கண்ட, பத்தாம் நம்பர் ஆடின ஆறு ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த நிமிஷத்தில் எவன் விழுந்தான், எந்தப் பக்கம் சேறு என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிடக் கூடாது, என்னங்க?" என்று லெட்சுமி என்னைக் கேட்டா. "சொல்லிட்டா மறுவாரம் எதுக்கு உள்ள கூப்பிடுவாரு? ஒரு சனிக்கு எவ்வளவு பேச்சு போதும்?"

"ஒரு ஆட்டம் காணும், தங்கச்சி."

"அப்ப ஆறு சனிக்கு இருக்கு." கணக்குப் பார்த்தா. "அதுக்குப் பொறகு?"

"நான் எழுதி அனுப்பிறன். அவனுடைய ஆட்டம் கொழும்பிலை கொஞ்சம் பாத்திருக்கிறன்."

"அவருக்குப் பிடிச்ச மாதிரி எழுதுங்க சார். நீங்க முன்ன எழுதுன மாதிரி வேணாம்."

ஏழேகால் பஸ் ஏழரைக்கு வந்தது. கிளிநொச்சி, ஆனையிறவு, பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடை. பன்னிரண்டரைக்கு வீட்டு வாசலில் நின்றேன். என் மூத்தவன் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பத்தொன்பது வயது. இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. "என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்?" என்று கேட்டான். தலையைத் தடவப் போனேன், வெட்கப்பட்டு விலகினான்.

சாப்பிட்டுவிட்டு மேசையில் இருந்தேன். பதினொரு வருஷம் எழுதின பழக்கத்தில் பேனா தானாகவே அவனுடைய குறைகளைத்தான் எழுதப் பார்த்தது. கிழித்தேன். இந்த நாட்டில் இவனைப்போல் ஒரு பத்தாம் நம்பர் பிறந்ததில்லை, இவனை அணியில் எடுக்காமல் விட்டது பெரிய அநியாயம் என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. ஆறு சனிக்குக் கதை கையில் இருந்தாலும், இந்தச் சனிக்கு முன்னமே லெட்சுமியிடம் போய்ச் சேரவேண்டும் என்று திங்கள் காலை முதல் தபாலில் போட்டேன்.